மைன்கிராஃப்ட் மரவாளை நிஜ மரத்தில் செய்வது எப்படி?

[திரையில்: கேம் காட்சி, கையில் மரவாள்]

மைன்கிராஃப்ட் கேமை ஆடியவர்களுக்கு இந்த வாளை அறிமுகப்படுத்தவே வேண்டாம். இரண்டு பலகை, ஒரு குச்சி. கிராஃப்டிங் டேபிளில் அடுக்கினால் வாள் தயார். வைர வாள் கிடைத்த பிறகு இதை யாரும் சீந்துவதில்லை. ஆனால் மரத்தில் செய்து பார்க்க எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். வைர வாள் என்றால் மரம் முழுவதையும் பெயின்ட் அடித்து மூட வேண்டும். இதில் மரம் மரமாகவே தெரியும்.

முதலில் அளவு. கேமில் இந்த வாள் 16-க்கு 16 பிக்சல் கொண்ட ஒரு சின்னப் படம். 2019-இல் வந்த 1.14 பதிப்பில் படங்களைப் புதிதாக வரைந்தார்கள், அதனால் பழைய வாளா, புதிய வாளா என்று முதலிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள். படத்தைப் பெரிதாக்கி, கட்டம் கட்டமாக எண்ணி, கட்டத்தாளில் நிரப்பிக்கொண்டால் போதும்.

இப்போது கையில் பிடித்த வாளைப் பக்கவாட்டில் பாருங்கள். அதன் தடிமன் சரியாக ஒரு பிக்சல். ஆகவே நம் பிக்சலின் அளவை முடிவு செய்வது பிளைவுட்தான். 18 மி.மீ. பிளைவுட் இரண்டை ஒட்டினால் ஒரு பிக்சல் 36 மி.மீ. ஆகும். பார்க்கக் கம்பீரமாக இருக்கும், ஆனால் ஒவ்வொரு பிக்சலும் ஏறத்தாழ 30 கிராம் கனக்கும். 12 மி.மீ. இரண்டை ஒட்டினால் பிக்சல் 24 மி.மீ., எடை சுமார் 9 கிராம். உங்கள் கட்டத்தாளில் நிரப்பிய கட்டங்களை எண்ணிப் பெருக்கிப் பாருங்கள், வித்தியாசம் புரியும். ஒரு சிறுவன் தூக்கி விளையாட வேண்டுமென்றால் 24-தான் சரி. அதிலும் மூலைக்கு மூலை 54 செ.மீ. வரை நீளம் கிடைக்கும்.

[திரையில்: பிளைவுட் பலகை, மேலே சதுரக் கட்டங்கள்]

இனி சொல்வதுதான் இந்த வேலையில் முக்கியமானது. கேமில், கணினிக்கான ஜாவா பதிப்பில், இந்த வாள் 59 தடவை தாங்கும். நம் வாள் எத்தனை தடவை தாங்கும் என்பது பலகையில் கட்டத்தை எந்தத் திசையில் வரைகிறோம் என்பதைப் பொறுத்தது.

பலகையின் ஓரத்தைப் பார்த்து நேராகக் கட்டம் போடத்தான் கை போகும். ஆனால் படத்தில் வாள் குறுக்காக, மூலையிலிருந்து மூலைக்குப் போகிறது. பிளைவுட்டின் அடுக்குகளில் நார் ஒன்று மாற்றி ஒன்று நெடுக்கிலும் குறுக்கிலும் ஓடும். நேராகக் கட்டம் போட்டால் எல்லா அடுக்கும் வாளுக்கு 45 டிகிரி சாய்ந்துவிடும், ஓர் அடுக்குகூட வாளின் நீளத்தோடு ஓடாது. ஒல்லியான கைப்பிடியில் ஓங்கி ஒரு அடி விழுந்தால் அங்கேயே ஒடியும்.

ஆகவே கட்டத்தை 45 டிகிரி திருப்பி வரையுங்கள். மேல் அடுக்கின் ரேகை கைப்பிடியிலிருந்து முனை வரை ஓட வேண்டும். இரண்டு பலகைக்கும் அதே திசைதான். காம்பினேஷன் ஸ்கொயர் என்ற மூலைமட்டத்தின் சாய்ந்த பக்கம் 45 டிகிரியைத் தானாகவே காட்டும். இன்னொரு லாபமும் உண்டு: பெரிய சதுரப் பலகை தேவையில்லை, நீளமான துண்டு ஒன்று போதும்.

பலகைகளை ஃபெவிகால் பூசி, கிளாம்ப் போட்டு, ஒரு இரவு விட்டுவிடுங்கள். அறுப்பதெல்லாம் அப்புறம்தான். தனித்தனியாக அறுத்து ஒட்டினால் ஓரத்தில் வரும் பிக்சல் படிகள் ஒன்றோடொன்று பொருந்தாது.

[திரையில்: கைரம்பம், படிக்கட்டு ஓரம்]

அறுக்க ஜிக்சா என்ற மின்ரம்பம் வேண்டுமா? வைத்திருந்தால் சுற்றியுள்ள பெரிய துண்டுகளைக் கழிக்கப் பயன்படுத்துங்கள். படிகளுக்குக் கைரம்பமே நல்லது. எல்லா வெட்டும் சிறியது, நேரானது. தடித்த பலகையில் ஜிக்சா பிளேடு கீழே வளைந்துபோகும், பிக்சலின் சுவர் செங்குத்தாக நிற்காது. ஒவ்வொரு படியிலும் ஒரு கோட்டில் மூலை வரை அறுத்து, ரம்பத்தை வெளியே எடுத்து, மற்ற கோட்டில் அதே மூலைக்கு வாருங்கள். மூலையில் மிச்சம் இருப்பதை உளியால் எடுத்துவிடலாம். நார் சாய்வாக வெட்டுப்படுவதால் ஓரம் சிதறும். அதனால் அறுக்கும் முன் இரண்டு முகத்திலும் கோட்டின் மேல் கத்தியால் கீறிவிடுங்கள், அடியில் வீண் பலகை ஒன்றை வையுங்கள். உப்புத்தாள் போடும்போது அதை ஒரு மரக்கட்டையில் சுற்றித் தேயுங்கள். வெறும் கையால் தேய்த்தால் முனைகள் உருண்டு, பிக்சல் என்ற தோற்றமே போய்விடும்.

அடுத்து நிறம். இதற்காகத்தான் வெளிறிய மேல்முகம் உள்ள பிளைவுட் வாங்க வேண்டும், பிர்ச் கிடைத்தால் நல்லது. மரத்துக்குள் ஊறும் சாயமான ஸ்டெயின் ஒன்றே போதும். ஒரு கோட் வெளிர் பழுப்பு, இரண்டாவது அதைவிட அடர்த்தி, மூன்றாவது கைப்பிடியின் கரும்பழுப்பு. சிக்கல் என்னவென்றால் ஸ்டெயின் நார் வழியே ஊர்ந்து பக்கத்துப் பிக்சலுக்குள் போய்விடும். மாஸ்கிங் டேப் மேலே ஓடுவதை நிறுத்தும், நாருக்குள் ஓடுவதை நிறுத்தாது. இங்கேயும் கத்திதான். ஒவ்வொரு பிக்சல் கோட்டையும் ஸ்டீல் ஸ்கேல் வைத்து அரை மி.மீ. ஆழத்துக்குக் கீறுங்கள். நார் அறுந்த இடத்தில் நிறம் நின்றுவிடும். கட்டத்தின் நடுவில் தூரிகையை வைத்து, கோட்டை நோக்கி மெதுவாக இழுங்கள். கீறலும் மெல்லிய கோடாகத் தெரியும். அது அழகுதான், மறைக்க வேண்டாம்.

பக்கவாட்டில் பிளைவுட் அடுக்குகள் வரிவரியாகத் தெரியும். நறுக்கிய நார் ஸ்டெயினை அதிகம் குடித்துக் கறுத்துவிடும், அதனால் பக்கங்களுக்கு மட்டும் முதலில் மரத்தின் துளைகளை அடைக்கும் சாண்டிங் சீலர் ஒரு கோட் கொடுங்கள். கடைசியாக, பளபளப்பில்லாத மேட் வார்னிஷ் இரண்டு கோட். நடுவே 320 உப்புத்தாளால் லேசாக ஒரு தடவு, முனைகளைத் தொடாமல்.