கரகோஸ் பாவைகள்: ஆள் யார் என்று ஒரு நொடியில் தெரிவது எப்படி?

துருக்கியோட கரகோஸ் நிழற்பாவைக்கூத்தைப் பத்தி ஒரு நேயர் கேட்டிருக்காங்க. "பாவை திரைக்கு வந்ததுமே இவர் அல்பேனியர், இவர் பாரசீகர்னு அங்க இருக்கிறவங்க கண்டுபிடிச்சுடறாங்களே, எப்படி? இப்படி இனத்துக்கு இனம் முத்திரை குத்துறது தப்பில்லையா?" ரெண்டாவது கேள்விக்கு நியாயமா பதில் சொல்லணும்னா திரைக்குப் பின்னாடி போய்ப் பார்க்கணும்.

அங்க பாவையாட்டுறவர் ஒரே ஆள். ஹயாலின்னு சொல்வாங்க. எல்லாப் பாத்திரத்துக்கும் அவர் குரல்தான். உதவியாளர் பாவை எடுத்துக் கொடுப்பார், பாட்டுப் பாடுவார், தெஃப் தட்டுவார். தெஃப்புன்னா நம்ம கஞ்சிரா மாதிரி. பாவை பெரும்பாலும் 30லிருந்து 40 சென்டிமீட்டர் உயரம். ஒட்டகத் தோலை முடி போகச் சுரண்டி, வெளிச்சம் ஊடுருவுற அளவுக்கு மெலிசாக்கி, வெட்டி, சாயம் ஏத்தி, உறுப்புகளை நரம்புக் கயிறால கோர்ப்பாங்க. முகம் பக்கவாட்டுலதான் இருக்கும், கண்ணோ வாயோ அசையாது. முகபாவத்தால காட்ட முடியாததை வேற வழியிலதான் காட்டியாகணும்.

முதல்ல பாட்டு. ஆள் வர்றதுக்கு முன்னாடியே அவரோட ஊர்ப்பாட்டு கேட்கும். அடுத்தது தலைப்பாகையும் கையில இருக்கிற பொருளும். பாவையைத் திரையோட ஒட்ட அழுத்திப் பிடிக்கலைன்னா ஓரம் மங்கி, சாயம் வெளுத்து, இந்த அடையாளம் அப்படியே போயிடும். புதுசா கத்துக்கிறவங்க தடுமாறுற இடம் இது.

மூணாவது பேச்சு, நிஜமான நகைச்சுவை இங்கதான். கருங்கடல் கரையிலிருந்து வர்ற லாஸ் இனத்துக்காரர் மூச்சு விடாம பேசுவார். நடுவுல ஒரு வார்த்தை சொல்லணும்னா, கூத்தோட நாயகன் கரகோஸ் அவர் வாயைப் பொத்தணும்!

இந்தப் பாத்திரங்களைப் பிரிக்கிறது இனம் மட்டும் இல்லை, தொழிலும்தான். அல்பேனியர் தோட்டக்காரர், பாரசீகர் கம்பள வியாபாரி, போலு ஊர்க்காரர் சமையல்காரர், ஆர்மீனியர் நகைக்காரர். உஸ்மானியர் காலத்து இஸ்தான்புல்லுக்கு யார் யார் எந்தப் பிழைப்பைத் தேடி வந்தாங்கன்னு கதை நடக்கிற அந்தத் தெருவே சொல்லுது. துருக்கியரும் தப்பலை. கஸ்தமோனு ஊர் விறகுவெட்டி ஹிம்மத் கோடாலியோட வருவார். ரொம்பப் பெரிய பாவை, அவரோட பேச கரகோஸ் ஏணி போட்டு ஏறணும். கரகோஸே படிக்காத ஏழை. அவர் குல்லாய் கழலுற மாதிரிதான் பூட்டியிருப்பாங்க. அது விழுந்ததும் வழுக்கைத் தலை தெரியும். அவரோட படிச்ச கூட்டாளி ஹாஜிவாத் பேசுற பகட்டான மொழியும் கேலிக்குத்தான்.

எல்லாரையும் கேலி பண்றதால எல்லாம் சமம்னு சிலர் வாதாடுவாங்க. அதை ஒத்துக்க முடியாது. யூதர் பாத்திரம் கோழை, பேரம் பேசியே உயிரை வாங்குறவர். வீதியில நாலு பேரா இருக்கிற சமூகத்து மேல விழுற சிரிப்பும், ஊர் முழுக்க இருக்கிறவங்க மேல விழுற சிரிப்பும் ஒரே எடை கிடையாது.

கோலைப் பிடிக்கிற கை மாறினாலும் பாவையோட அர்த்தம் மாறிடும். இதே கூத்து கிரேக்கத்துக்குப் போய் கரகியோஸிஸ் ஆச்சு. இஸ்தான்புல்ல தோட்டக்காரரா இருந்த அல்பேனியர், அங்க பாஷாவோட, அதாவது உஸ்மானிய அதிகாரியோட, காவல்காரர். பேர் வெலிகேகாஸ். கரகியோஸிஸை அடிப்பார். அவரைத் திருப்பி அடிக்க மலைநாட்டு மேய்ப்பர் பார்பா யோர்கோஸ் வருவார். ஒரு பக்கம் பாஷாவோட மாளிகை, மறுபக்கம் கரகியோஸிஸோட ஓட்டைக் குடிசை. உஸ்மானிய ஆட்சியில இருந்து விடுபட்ட மக்களுக்கு அந்த உதை எப்படி இனிச்சிருக்கும்னு நினைச்சுப் பாருங்க.

இன்னைக்குப் பள்ளிக்கூடத்துல இதை ஆடிக் காட்ட நினைக்கிறவங்க பாட்டையும் தலைப்பாகையையும் தொழிலையும் அப்படியே வைங்க. லாஸோட வேகப் பேச்சும் இருக்கட்டும், அது சிரிச்சுட்டுப் போற விஷயம். கஞ்சத்தனம், கோழைத்தனம்னு ஒரு இனத்தோட குணமா வர்ற வசனத்தை எடுத்துடுங்க. அதை கரகோஸுக்கே கொடுத்தாலும் காட்சி ஓடும், அவர் எதையும் தாங்குவார்.