‘நான்’ இல்லாத தனிமொழி

அவையில் இருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

‘இருப்பதா, இல்லாமல் போவதா’ (‘To be, or not to be’) என்றதுமே கறுப்பு உடையில், கையில் மண்டையோட்டோடு நிற்கும் ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்தான் பலருக்கும் கண்ணில் தெரிவான். அந்த மண்டையோடு ஐந்தாம் அங்கத்தில், இடுகாட்டில் வருவது. இந்தப் பேச்சோ மூன்றாம் அங்கம். தனிமொழி என்கிறோமே, அவன் தனியாகவும் இல்லை. ராஜாவும் அவன் அமைச்சன் பொலோனியஸும் ஒளிந்திருந்து ஒட்டுக்கேட்கிறார்கள். கையில் பிரார்த்தனைப் புத்தகத்தைக் கொடுத்து, ஹாம்லெட் காதலித்த ஒபீலியாவையும் அங்கே நிறுத்தியிருக்கிறார்கள்.

கல்லூரியில் இதை மனப்பாடம் செய்தபோது எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை. பின்னாளில் தமிழில் எழுதிப் பார்க்க உட்கார்ந்தேன். அப்போதுதான் கவனித்தேன்: முப்பது வரிக்கு மேல் ஓடுகிற பேச்சில் ‘நான்’ என்ற சொல்லே இல்லை. அப்பாவைக் கொன்றவன் சிம்மாசனத்தில் இருக்கிறான், அம்மா அவனையே மணந்துகொண்டாள். அதைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. வருவதெல்லாம் பன்மை. ஆங்கிலத்தில் அதற்கு ஒரே சொல். தமிழில் ‘நாம்’ போடுவதா ‘நாங்கள்’ போடுவதா என்று முடிவு செய்தாக வேண்டும். ‘நாங்கள்’ போட்டுப் பார்த்தேன், பேச்சு செத்துப்போயிற்று.

மனிதன் எதையெல்லாம் பொறுத்துக்கொண்டு உயிரோடு இருக்கிறான் என்று ஒரு பட்டியல் போடுகிறான் பாருங்கள்: அடக்குகிறவனின் அநியாயம், கர்வம் பிடித்தவனின் ஏளனம், கைகூடாத காதல், வழக்கில் இழுத்தடிப்பு, பதவியில் இருப்பவனின் மமதை. சரி, டென்மார்க் இளவரசன் எந்தக் கோர்ட்டில் வாய்தாவுக்கு அலைந்தான்? எந்த ஆபீஸ் வாசலில் மனுவோடு கால்கடுக்க நின்றான்? இவை அவன் பட்ட பாடு இல்லை. ஒரு பென்னி கொடுத்து, திறந்த வானத்தின் கீழ் நின்றுகொண்டே நாடகம் பார்த்தார்களே லண்டன் ஜனங்கள், அவர்கள் பட்ட பாடு. பட்டப்பகலில் நடந்த நாடகம். முதல் ஹாம்லெட்டான ரிச்சர்ட் பர்பேஜுக்கு எதிரே அத்தனை முகமும் தெரிந்திருக்கும். ‘நாம்’ என்று அவர் யாரைச் சொன்னார் என்பதில் யாருக்கும் சந்தேகம் வந்திருக்காது.

1603இல் வந்த நாடகத்தின் முதல் அச்சில், பேச்சின் அந்தத் தொடக்க வரி ‘ஆமாம், அதுதான் விஷயம்’ என்கிற தோரணையில் முடிகிறது. நமக்குப் பழகிய வடிவம் அடுத்த பதிப்பில்தான் வந்தது. பண்டிதர்கள் அந்த முதல் அச்சைப் பார்த்துச் சிரிப்பார்கள். எனக்கென்னவோ அது பிடிக்கும். டீக்கடை பெஞ்சில் யாரோ சொல்வது போல இருக்கிறது.

நம் ஊரில் நாடகாசிரியர் பம்மல் சம்பந்த முதலியார் இந்த நாடகத்தைத் தமிழில் ‘அமலாதித்யன்’ ஆக்கினார், தாமே அந்த வேடத்தில் நடித்தார். தொழிலில் அவர் வக்கீல், பிறகு நீதிபதி. வழக்கு இழுத்தடிப்பது பற்றி ஷேக்ஸ்பியர் அவருக்குச் சொல்லித்தர வேண்டியிருந்திருக்காது!

அப்புறம், பேச்சு முடிகிற இடம். ஒபீலியாவைப் பார்த்துவிடுகிறான். உன் பிரார்த்தனையில் என் பாவங்களையும் நினைத்துக்கொள் என்கிறான். ‘என்’ என்ற சொல் அப்போதுதான் முதல்முறையாக வருகிறது. திரைக்குப் பின்னால் ராஜா கேட்டுக்கொண்டிருக்கிறான்.