மணி ஏன் மங்கலாகத் தெரிகிறான்?

வணக்கம். போனை நீட்டி, வீட்டு நாய் பூனைப் படங்களைக் காட்டுகிறவர்கள் என்னிடம் கேட்பது பெரும்பாலும் ஒன்றுதான்: "கேமரா சரியில்லையா சார்?" கேமரா நன்றாகத்தான் இருக்கும். வெளிச்சம்தான் போதவில்லை.

டியூப்லைட் எரியும் கூடம் நம் கண்ணுக்குப் பளிச்சென்று இருக்கும், ஆனால் கேமராவுக்கு அது அரை இருட்டு, அதனால் வெளிச்சம் சேரட்டும் என்று ஷட்டரைக் கூடுதல் நேரம் திறந்து வைத்திருக்கும், 1/30 விநாடி என்று வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் எங்கள் நாய் மணி தலையை லேசாகத் திருப்பினாலே போதும், முகம் இழுபட்டுப் போய்விடும். சோபா மட்டும் துல்லியமாக விழுந்திருக்கும்!

அதனால் முதல் வேலை, நாயை வெளிச்சத்துக்குக் கொண்டுவருவது. ஜன்னலோரம் அவன் வழக்கமாகப் படுக்கும் சாக்கைப் போடுங்கள், தானே வருவான். ஜன்னல் உங்களுக்குப் பின்னாலோ பக்கவாட்டிலோ இருக்கட்டும். நாய்க்குப் பின்னால் இருந்தால் வெறும் நிழலுருவம்தான் கிடைக்கும். நீங்களும் தரையில் உட்காருங்கள், முடிந்தால் குப்புறப் படுத்துவிடுங்கள். சரியாக அமைந்த படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் அவன் கண்ணுக்குள் ஜன்னல் கம்பிகள்கூடத் தெரியும்.

கேமரா வைத்திருப்பவர்களுக்கு ஒரு கணக்கு. ஷட்டர் நேரம், சும்மா உட்கார்ந்திருக்கும் நாய்க்கு 1/125 விநாடி, ஓடி விளையாடினால் 1/500. அதற்கு ஐ.எஸ்.ஓ., அதாவது வெளிச்சத்தை உணரும் திறனின் அளவு, 3200 வரை போக வேண்டியிருந்தாலும் போங்கள். புள்ளி புள்ளியாக வருமே என்று பலர் தயங்குகிறார்கள், எனக்கு அந்தத் தயக்கம் புரிவதே இல்லை. புள்ளிகளைப் பிறகு ஓரளவு குறைத்துவிடலாம், அசைந்த முகத்தை என்ன செய்வது? எஃப் எண் சிறிதானால் லென்ஸின் திறப்பு பெரிது, அதனால் எஃப் 1.8 லென்ஸ் வெளிச்சத்தை நன்றாக வாங்கும், ஆனால் நீள மூக்கு நாயை நேருக்கு நேர் கிட்டத்தில் எடுத்தால் மூக்கு துல்லியமாகவும் கண் மங்கலாகவும் வரும். திறப்பைக் குறைத்து எஃப் 4-க்குப் போங்கள், இல்லையென்றால் பக்கவாட்டில் எடுங்கள். கறுப்பு நாய் என்றால் ரோமத்தில் ஃபோகஸ் பிடிக்காமல் திணறும், கண்ணில் மின்னும் வெளிச்சப் புள்ளியில் வையுங்கள்.

போன் என்றால் நைட் மோடை அணைத்துவிடுங்கள். அது பல படங்களை அடுத்தடுத்து எடுத்து ஒன்றாகச் சேர்ப்பது, அசையாத பொருளுக்குத்தான் சரிப்படும். ஃப்ளாஷும் வேண்டாம், படத்தில் கண் பச்சையாக மின்னும். அப்புறம் லென்ஸைத் துடைத்துக்கொள்ளுங்கள். ஒரு வாரம் எல்லாப் படமும் பனி மூட்டமாக வந்தது எனக்கு. கடைசியில் பார்த்தால் மணி நக்கி வைத்திருக்கிறான்.

பெயர் சொல்லிக் கூப்பிட்டால் எழுந்து உங்களிடமே ஓடி வந்துவிடுவான். பிஸ்கட் கவரைக் கசக்குங்கள், காதை நிமிர்த்தி ஒரு நொடி அப்படியே நிற்பான். அப்போது தொடர்ச்சியாகப் பத்துப் படம் தட்டிவிடுங்கள். கவருக்குள் ஒரு பிஸ்கட்டாவது இருக்கட்டும், வெறும் கவர் என்று தெரிந்துவிட்டால் அடுத்த முறை திரும்பிக்கூடப் பார்க்கமாட்டான்.