டாக்டரிடம் சொல்ல வேண்டிய ஒரு விவரம்

வணக்கம். நம்ம வேலூர்ப் பக்கம் ஒருத்தர் இருமிக்கொண்டு வந்தால், பீடி சிகரெட் உண்டா என்று கேட்போம். அடுத்த கேள்வி, "தோல் ஷாப்பில் (தோல் பதனிடும் ஆலையில்) வேலையா?" ராணிப்பேட்டை, ஆம்பூர் சுற்றுவட்டாரத்தில் அது கேட்டே ஆக வேண்டிய கேள்விதான். "ரோட்டோரத்தில் வேலையா?" என்று மட்டும் கேட்பதில்லை. மருத்துவரான நானும் ரொம்ப நாள் கேட்கவில்லை.

கேட்க வைத்தவர் ஒரு பூக்கார அம்மா. கிரீன் சர்க்கிள் பக்கம் காலை 6 மணிக்கு உட்கார்ந்தால் எழுந்திருக்க ராத்திரி 9 ஆகிவிடும். மூச்சு வாங்குகிறது என்று வந்தார். மல்லிச்சரத்தின் மேல் போர்த்துகிற ஈரத்துணியைப் பையிலிருந்து எடுத்துக் காட்டினார். காலையில் வெள்ளையாகப் போட்டது, சாயங்காலம் அடுப்புச் சாம்பல் மாதிரி இருந்தது. "பூவுக்கு இதைப் போத்தறேன், எனக்கு எதைப் போத்திக்கறது?" என்றார். என்னிடம் பதில் இல்லை.

துணியில் படிவது பெரிய தூசி. அதைவிட மோசம், பி.எம். 2.5 என்கிற நுண்துகள். தலைமுடித் தடிமனில் சுமார் 30-ல் ஒரு பங்குதான் இருக்கும். நுரையீரலின் அடிவரை இறங்கும், இதயத்தையும் கெடுக்கும். டீசல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2012-லேயே அறிவித்துவிட்டது. 2020 ஏப்ரலிலிருந்து புகையைக் குறைக்கிற பி.எஸ். 6 விதிப்படி செய்த வண்டிகள்தான் விற்பனைக்கு வருகின்றன, சரி. பழைய லாரிகள் இன்னும் ஓடுகின்றனவே! பிரேக்கும் டயரும் தேய்ந்து பறக்கிற தூள் புது வண்டியிலும் உண்டு. அப்புறம் ஹாரன் சத்தம். வருஷக்கணக்கில் கேட்டால் காது மந்தமாகும்.

கைக்குட்டை கட்டினால் நுண்துகள் நிற்காது. என்95 முகக்கவசம் தடுக்கும். ஆனால் வேலூர் மே மாத வெயிலில் நாள் முழுக்க அதைப் போட்டுக்கொள்ளுங்கள் என்று சொல்ல எனக்கு மனசு வருவதில்லை. ரோட்டைவிட்டுத் தள்ளிப் போகப் போகப் புகை குறையும், அதனால் இடத்தைத்தான் மாற்ற வேண்டும். தள்ளிப் போனால் வியாபாரமும் குறையுமே என்கிறீர்கள், நியாயம்தான். 2014-ல் வந்த தெரு வியாபாரிகள் சட்டப்படி, நகர விற்பனைக் குழுவில் குறைந்தது 40 சதவீதம் பேர் வியாபாரிகளாக இருக்க வேண்டும். ஆள் வருகிற, ஆனால் புகை குறைந்த இடம் வேண்டும் என்று அங்கே கேளுங்கள்.

பஞ்சர் கடைக்காரர்கள், இளநீர் விற்கிறவர்கள், சிக்னலில் நிற்கும் போலீஸ்காரர்கள், உங்கள் எல்லோருக்கும் சொல்கிறேன். அடுத்த முறை டாக்டரிடம் போனால், அவர் கேட்கக் காத்திருக்காதீர்கள். எந்த ரோட்டில், எத்தனை வருஷமாக, ஒரு நாளைக்கு எத்தனை மணி நேரம் என்று நீங்களே சொல்லிவிடுங்கள்.