துணி மாதிரி இருப்பதெல்லாம் துணியில்லை

நேயர்களுக்கு வணக்கம்.

காய்கறிக் கடைகளில் சிவப்பு, பச்சை, நீலம் என்று பளிச்சென்ற நிறங்களில் ஒரு பை தருகிறார்கள். தொட்டால் துணி மாதிரி இருக்கும். கடைக்காரரும் "துணிப்பைதாங்க" என்று நம்பித்தான் கொடுப்பார். அது பாலிப்ரொப்பிலீன் என்கிற பிளாஸ்டிக். நெய்ததே இல்லை, பிளாஸ்டிக் இழைகளைச் சூட்டில் அழுத்தி ஒட்டியது. தமிழ்நாட்டில் 2019 ஜனவரி 1 முதல் தடை செய்யப்பட்ட 14 வகைப் பொருட்களில் இந்தப் பையும் உண்டு.

வெளிச்சத்துக்கு நேரே பிடித்துப் பாருங்கள். துணி என்றால் ஊடும் பாவுமாக நூல் ஓடுவது தெரியும். இதில் வரிசை வரிசையாகச் சின்னப் புள்ளிகள் அழுந்தியிருக்கும். ஓரத்தைப் பிரித்து இழுத்தால் துணியில் நூல் உருவிக்கொண்டு வரும். இது பஞ்சு மாதிரி பிய்யும். அப்போதும் சந்தேகமா? விரல் நீளத் துண்டு ஒன்றை நறுக்கி, இடுக்கியில் பிடித்து, பாத்திரம் கழுவும் தொட்டிக்கு மேலே கொளுத்துங்கள். பருத்தி என்றால், காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகிவிடும். பிளாஸ்டிக் சுருங்கி உருகி, ஆறியதும் கெட்டி மணியாக நிற்கும். உருகிய சொட்டு கையில் பட்டால் பொத்துப்போகும், குழந்தைகளை விலக்கி வையுங்கள்.

இந்தப் பையை வெயில்படும் இடத்தில் மாட்டி வைத்தால் சில மாதங்களில் பொடிப்பொடியாக உதிரும். மக்கிவிட்டது என்று நினைத்துச் செடிக்குப் போட்டுவிடாதீர்கள். பிளாஸ்டிக் துகளாகியிருக்கிறது, அவ்வளவுதான்.

சரி, ஆளுக்கு நான்கு மஞ்சப்பை வாங்கிவிடலாமா? 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கம் தொடங்கியதிலிருந்து துணிப்பை கிடைப்பது எளிதாகியிருக்கிறது. நல்ல காரியம். ஆனால் பருத்தி விளைவிக்கவும் நெய்யவும் தண்ணீரும் மின்சாரமும் நிறையச் செலவாகும். டென்மார்க் அரசின் சுற்றுச்சூழல் துறை 2018இல் வெளியிட்ட ஆய்வு, கார்பன் கணக்கை (பூமியைச் சூடாக்கும் வாயுக்களின் அளவை) மட்டும் பார்த்தாலே, சாதாரண பிளாஸ்டிக் பைக்கு ஈடாக ஒரு பருத்திப் பையை 52 தடவையாவது பயன்படுத்த வேண்டும் என்கிறது. வாரச் சந்தைக்கு ஒரு தடவை என்றால் முழுதாக ஒரு வருஷம். ஆகவே வாங்குவதற்கு முன்பு, கல்யாண வீடுகளில் கொடுத்த தாம்பூலப் பைகள் பீரோவில் எத்தனை கிடக்கின்றன என்று எண்ணிப் பாருங்கள்.

தைப்பதென்றால் பழைய பேண்ட் துணி நல்லது. வேட்டித் துணியானால் இரண்டு மடிப்பாகப் போட வேண்டும். உயரம் 16 அங்குலம், அகலம் 14 போதும். இன்னும் பெரிதாகத் தைத்தால் நிரப்பிவிட்டுத் தூக்க முடியாமல் தவிப்போம். கைப்பிடிப் பட்டை 22 அங்குலம். பை கிழிவது பெரும்பாலும் அடியில் அல்ல, கைப்பிடி சேருமிடத்தில். ஒற்றைக் கோட்டுத் தையல் மொத்தப் பாரத்தையும் தாங்குவதால் வருகிற வினை. பட்டையின் நுனியை 2 அங்குலம் பைக்குள் இறக்கி, சதுரமாகத் தைத்து, நடுவே பெருக்கல் குறி போட்டுவிடுங்கள்.

அடுத்து எண்ணெய். பிளாஸ்டிக் பாக்கெட் வேண்டாமென்று செக்கு எண்ணெய்க்குத் தூக்கு கொண்டுபோகிறவர்கள் இரண்டு விஷயம் பார்க்க வேண்டும். காலித் தூக்கைத் தராசில் வைத்து எடையைப் பூஜ்யமாக்கச் சொல்லுங்கள். பிறகு, லிட்டரும் கிலோவும் ஒன்றல்ல: 1 லிட்டர் கடலை எண்ணெயோ நல்லெண்ணெயோ 910 முதல் 920 கிராம்தான் இருக்கும். 1 லிட்டர் தூக்கில் ஒரு கிலோ எண்ணெய் கொள்ளாது, வழியும். விலை எந்த அளவுக்கு என்று முதலிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். தூக்கில் ஈரம் இருந்தால் எண்ணெய் சீக்கிரம் சிக்கு வாடை அடிக்கும். கழுவியதை வெயிலில் கவிழ்த்துக் காயவைத்த பிறகே எடுத்துப்போக வேண்டும். பழைய எண்ணெய்ப் பிசுக்கு மேல் புது எண்ணெய் ஊற்றினாலும் இதே கதைதான்.

தவிர்க்க முடியாதது பால் பாக்கெட். மூலையைத் தனித் துண்டாக வெட்டி எறிகிறோம். அந்தச் சின்னத் துண்டை யாரும் பொறுக்க மாட்டார்கள், நேராகச் சாக்கடைக்குப் போகும். முழுதாக வெட்டாமல் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும்படி விடுங்கள். கவரை அலசி, கொடியில் கிளிப் போட்டுக் காயவைத்துச் சேர்த்தால் பழைய பேப்பர் கடையில் எடுத்துக்கொள்வார்கள். பால் வாடை அடித்தால் தொடமாட்டார்கள்.