விழும் வாயு தடைபடும் இடம்

சமூக மன்றத்துக்கு மழையையும் பாராமல் வந்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

மேகம் விலகிய டிசம்பர் இரவில், நம் சிங்கப்பூரின் வீடமைப்பு வளர்ச்சிக் கழக அடுக்குமாடிகளின் விளக்கொளியை மீறியும் செந்நிறமாய் ஒரு விண்மீன் தெரியும். அது ரோகிணி. அதற்கு வடக்கே, ஏறத்தாழ 450 ஒளியாண்டுக்கு அப்பால், எல்1527 என்ற இருண்ட முகிலுக்குள் ஒரு நட்சத்திரம் பிறந்துகொண்டிருக்கிறது. அதற்கு வயது சுமார் 1 லட்சம் ஆண்டுதான். நம் சூரியனுக்கு 460 கோடி.

அதைச் சுற்றியிருப்பதை அடர்ந்த வாயு என்கிறோம். அங்கே ஒரு கன சென்டிமீட்டரில் 10 லட்சம் மூலக்கூறு இருந்தாலே அடர்த்திதான். இந்த அரங்கின் காற்றில் அதே அளவு இடத்தில் இருப்பதை எழுத, 2 போட்டு 19 சுழியம் சேர்க்க வேண்டும்! அந்த வாயுவில் பெரும்பகுதி ஹைட்ரஜன். ஆனால் மைனஸ் 260 டிகிரிக் குளிரில் ஹைட்ரஜன் வாய் திறப்பதில்லை. அதனோடு கலந்த அரிய மூலக்கூறுகள் வீசும் மில்லிமீட்டர் நீள வானொலி அலைகளைத்தான் கேட்கிறோம். நீராவி அந்த அலைகளை விழுங்கிவிடும். மூங்கில் கழியில் போட்ட துணியே காயாத நம் ஊரில் அவற்றைக் கேட்க முடியாது. சிலியின் அட்டகாமா பாலைவனத்தில், 5000 மீட்டர் உயரத்தில், 66 அலைவாங்கிகளோடு ஆல்மா என்ற வானொலித் தொலைநோக்கி நிற்பது அதனால்தான்.

2014இல் ஜப்பானிய ஆய்வாளர் நமி சகாயின் குழு, மூன்று கார்பன் அணுக்கள் வளையமாகச் சேர்ந்த ஒரு மூலக்கூறை ஆல்மாவால் பின்தொடர்ந்தது. எனக்கு மிகவும் பிடித்த கண்டுபிடிப்பு இது. வாயு சுழன்றபடியே உள்ளே விழுகிறது. சூரியனுக்கும் பூமிக்கும் உள்ள தொலைவைப்போல் 100 மடங்கு தொலைவுக்கு வந்ததும், அந்த மூலக்கூறு சட்டென்று மறைகிறது. அதே எல்லையில் கந்தக மோனாக்சைடு வளையமாய்த் தலைகாட்டுகிறது.

ஏன்? உள்ளே வர வரச் சுழற்சி வேகமெடுக்கும். ஓர் எல்லையில் அந்தச் சுழற்சியே மேலும் விழவிடாமல் தடுத்துவிடும். தடைபட்டு நிற்கும் வாயுமேல் பின்னால் வருவது மோதிச் சூடேறுகிறது. தூசியில் உறைந்திருந்த கந்தகச் சேர்மம் ஆவியாகி எழுகிறது. இதுவே அவர்கள் தந்த விளக்கம். விழும் வாயு, நட்சத்திரத்தைச் சுற்றும் தட்டையான வட்டாக மாறும்போது அதன் வேதியியல் பெரிதாய் மாறாமல் தொடரும் என்றே அதுவரை பெரும்பாலும் எண்ணியிருந்தார்கள். கோள்கள் உருவாகக்கூடிய வட்டு அந்த எல்லைக்கு உள்ளேதான் இருக்கிறது. அங்கே நாளை ஒரு கோள் திரண்டால், அதன் மூலப்பொருள் இந்த வாசலில் சூடுபட்டு வந்ததாகவே இருக்கும்.

இப்போது திரையைப் பாருங்கள். நீலம் நம்மை நோக்கி வரும் வாயு, சிவப்பு விலகிப் போவது. இரண்டுக்கும் நடுவில் புள்ளியாய் இருக்கிறதே, அதுதான் அந்தக் குழந்தை.