கொடி ஏன் கைகாட்டியது? அணியும் கதைப்பின்னலும்

அவையோர் அனைவருக்கும் வணக்கம்.

“இப்பாடலில் பயின்று வந்துள்ள அணி யாது?” என்ற வினாவை எதிர்கொள்ளாமல் தமிழில் பள்ளிப் படிப்பை முடித்தவர் இந்த அரங்கில் எவரும் இருக்கமாட்டீர்கள். நானும் எதிர்கொண்டேன். குறுந்தொகையின் 40ஆம் பாடலுக்கு ‘உவமை அணி’ என்று எழுதி, ‘போல’ என்னும் உவம உருபின் கீழ் அடிக்கோடும் இட்டு, முழு மதிப்பெண் பெற்றேன். அந்தப் பாடல் எனக்கு விளங்கவே இல்லை என்பதைப் பல ஆண்டுகள் கழித்தே உணர்ந்தேன். ஓர் அணி எந்த இடத்தில் நிற்கிறது, யாருடைய வாயிலிருந்து வருகிறது, அது வரும்போது கேட்பவருக்கு ஏற்கெனவே என்ன தெரியும் என்ற மூன்றையும் கேட்காதவரை அணியின் பெயர் வெறும் பெயர்தான். இந்த மூன்றும் உண்மையில் கதைப்பின்னலைப் பற்றிய கேள்விகள். ஆகவே அணியை ஒரு பாடமாகவும் கதைப்பின்னலை வேறொரு பாடமாகவும் பிரித்துக் கற்பிக்கும் வழக்கத்தோடு எனக்கு உடன்பாடு இல்லை.

அந்தக் குறுந்தொகைப் பாடலுக்கே முதலில் வருவோம்.

யாயும் ஞாயும் யாரா கியரோ
எந்தையும் நுந்தையும் எம்முறைக் கேளிர்
யானும் நீயும் எவ்வழி அறிதும்
செம்புலப் பெயல்நீர் போல
அன்புடை நெஞ்சம் தாம்கலந் தனவே.

என் தாயும் உன் தாயும் ஒருவருக்கொருவர் யார்? என் தந்தையும் உன் தந்தையும் எம்முறையில் உறவினர்? நானும் நீயும் எவ்வாறு ஒருவரையொருவர் அறிந்தோம்? இவ்வாறு முதல் மூன்று அடிகளும் மூன்று வினாக்களாக நிற்கின்றன; ஒன்றுக்கும் விடை சொல்லப்படவில்லை. வினாக்கள் தாயரிடம் தொடங்கித் தந்தையரைக் கடந்து, பேசுகின்ற இருவரிடமே வந்து நெருங்குகின்றன. அதன் பிறகுதான் மழை பெய்கிறது. உவமை முதலடியில் வந்திருந்தால் அழகான ஒப்புமையாக மட்டும் நின்றிருக்கும். நான்காம் அடியில் வருவதால் மூன்று வினாக்களுக்குமான விடையாகிவிடுகிறது. ஐந்தடிப் பாடலுக்குள் ஒரு சிக்கலும் ஒரு திருப்பமும் இருக்கின்றன என்பதை நான் அந்தத் தேர்வுத்தாளில் கவனிக்கவில்லை.

இந்தப் பாடலை யார், எந்தச் சூழலில் சொன்னார் என்று கூறும் கூற்றுக் குறிப்பையும் படித்துவிட வேண்டும். தலைவன் தன்னைப் பிரிந்துவிடுவானோ என்று அஞ்சிய தலைவியின் குறிப்பறிந்து அவன் சொல்லியது இது என்கிறது அந்தக் குறிப்பு. அச்சத்துக்குச் சொல்லப்பட்ட ஆறுதல் என்று தெரிந்தவுடன் உவமையின் வேலையே மாறிவிடுகிறது. உவமை எவற்றின் அடிப்படையில் தோன்றும் என்பதைத் தொல்காப்பியம் “வினைபயன் மெய்உரு என்ற நான்கே” என்று வகுக்கிறது. இங்கே கலத்தல் என்னும் வினை வெளிப்படையாகவே இருக்கிறது. ஆனால் நிறமாகிய உருவும் உடன் வருகிறது. செம்மண்ணில் விழுந்த நீர் மண்ணின் நிறத்தை ஏற்றுக்கொள்கிறது. வானத்திலிருந்து விழுந்தபோது இருந்த நீராக அது திரும்பப் போவதில்லை. பிரிவை அஞ்சுகின்ற பெண்ணிடம் சொல்லத் தகுந்தது இதுதான். இதைப் பாடிய புலவரின் இயற்பெயர் மறைந்து, அவருடைய உவமையே ‘செம்புலப்பெயனீரார்’ என்று அவருக்குப் பெயராக நின்றுவிட்டது.

உவமையிலிருந்து பிற அணிகளுக்குப் போகும்போது, அவற்றைத் தனித்தனி அறைகளாகக் கருதாமல், எவ்வளவு சொல்கின்றன, எவ்வளவு மறைக்கின்றன என்று பார்ப்பது நல்லது. உவமை இரண்டு பொருள்களையும் காட்டி இடையில் ‘போல’ என்று ஒரு வேலியும் இடுகிறது. உருவகம் அந்த வேலியை எடுத்துவிடுகிறது. “பிறவிப் பெருங்கடல் நீந்துவர்” என்ற 10ஆம் குறளில் பிறவி கடலாகிவிட்டது. ஆனால் இறைவனடியைத் தெப்பம் என்றோ புணை என்றோ வள்ளுவர் சொல்லவில்லை, அந்தப் பாதியை நாம் நிரப்பிக்கொள்கிறோம். இதற்கு ஏகதேச உருவகம் என்று பெயர். இன்னும் ஒரு படி மேலே போனால் “பீலிபெய் சாகாடும் அச்சிறும்” என்ற 475ஆம் குறள். மயிலிறகு ஏற்றிய வண்டியானாலும் அளவு மிஞ்சினால் அச்சு முறியும் என்பதோடு குறள் முடிந்துவிடுகிறது. அரசன் இல்லை, பகைவர் இல்லை, போர் இல்லை. வலியறிதல் என்னும் அதிகாரத்துக்குள் வைக்கப்பட்டிருப்பதால்தான், எளியவர் என்று கருதிய பகைவரும் பலராய்த் திரண்டால் வலியவன் முறிவான் என்று புரிந்துகொள்கிறோம். இப்படி உவமையை மட்டும் சொல்லிப் பொருளை மறைப்பது பிறிதுமொழிதல் அணி; அது தான் நிற்கும் இடத்தைச் சார்ந்தே பொருள் தருகிறது. அந்தக் குறளை அதிகாரத்திலிருந்து பிடுங்கித் தனியே வைத்தால் அது வண்டியோட்டுபவருக்குச் சொல்லும் அறிவுரையாகக்கூட நின்றுவிடும்.

இனிக் கொடிக்கு வருகிறேன். சிலப்பதிகாரத்தின் 13ஆவது காதையாகிய புறஞ்சேரி இறுத்த காதையில், கோவலனும் கண்ணகியும் மதுரையை நெருங்குகிறார்கள். மதில்மேல் கொடிகள் காற்றில் ஆடுகின்றன. காற்றில் ஆடுவது கொடியின் இயல்பு; இளங்கோவடிகளோ அந்த அசைவின்மேல் தம் குறிப்பை ஏற்றி, “வாரல் என்பனபோல் மறித்துக்கை காட்ட” என்கிறார். வராதே என்று கொடி கைகாட்டியதாம். தற்குறிப்பேற்ற அணிக்கு எல்லோரும் காட்டும் எடுத்துக்காட்டு இது. அதே காதையில் வையை ஆறும் கண்ணகிக்கு நேரப்போவதை அறிந்தவள்போல, மலராடையைப் போர்த்துத் தன் கண்ணீரை மறைத்துக்கொள்கிறாள்.

இந்த அணி ஏன் நம்மை நடுங்கச் செய்கிறது? காவியத்தின் முன்னுரையாகிய பதிகமே கதை முழுவதையும் முன்கூட்டிச் சொல்லிவிட்டது. மதுரையில் கோவலனுக்கு என்ன நேரும் என்பது நமக்குத் தெரியும், கோவலனுக்குத் தெரியாது. நாம் அறிந்ததற்கும் அவன் அறியாததற்கும் இடையிலுள்ள வெளியில்தான் அந்தக் கொடி ஆடுகிறது. இதே வரியை இன்பமாக முடியும் ஒரு கதையில் வைத்தால், அது வெறும் பிழையான குறிப்பு. முடிவைச் சொல்லிவிட்டால் கதையின் சுவை போய்விடும் என்று இன்று பலர் அஞ்சுகிறார்கள். இளங்கோவடிகளுக்கு அந்த அச்சம் இருக்கவில்லை. அடுத்து என்ன நடக்கும் என்ற ஆவல் ஒரு வாசிப்போடு தீர்ந்துவிடும்; இது எப்படி நடந்தது, எங்கே தடுத்திருக்கலாம் என்ற கவலையோ பத்தாவது வாசிப்பிலும் தீராது.

கதைப்பின்னலுக்கு நம் பாடநூல்கள் பெரும்பாலும் ஒரு முக்கோணம் வரைந்து காட்டுகின்றன. ஜெர்மானியரான குஸ்தாவ் ஃபிரைடாக் 1863இல் நாடகக் கலை பற்றிய நூலில் வகுத்த வடிவம் அது: தொடக்கம், ஏற்றம், நடுவில் உச்சம், இறக்கம், வீழ்ச்சி. பயனுள்ள படம்தான். ஆனால் அதைவிட எனக்கு நெருக்கமானது, சிலப்பதிகார உரையில் அடியார்க்குநல்லார் நாடகத்தின் ஐந்து சந்திகளை, அதாவது கதை வளரும் கட்டங்களை, விளக்கும் முறை. முகம், பிரதிமுகம், கருப்பம், விளைவு, துய்த்தல் என்று அவற்றை அவர் பயிராகவே காண்கிறார். உழுத நிலத்தில் இட்ட விதை முளைப்பது முகம். முளை இலைவிட்டு நாற்றாக வளர்வது பிரதிமுகம். கதிர் உள்ளே கருக்கொள்வது கருப்பம். கதிர் விரிந்து முற்றுவது விளைவு. அறுத்துப் போரடித்துக் கொண்டுவந்து உண்பது துய்த்தல்.

முக்கோணத்தில் உச்சிக்குப் பிறகு வருவதெல்லாம் சரிவு. பயிரிலோ கடைசியில் வருவதுதான் பயன். கண்ணகி பாண்டியனிடம் நீதி கேட்கும் வழக்குரை காதை 30 காதைகளில் 20ஆவது. முக்கோணத்தைக் கையில் வைத்திருப்பவர், அதற்குப் பின் வஞ்சிக் காண்டம் முழுவதும் எதற்கு என்று கேட்பார். கண்ணகிக்குக் கல்லெடுப்பதும் அவளைப் போற்றுவதும் துய்த்தல் என்று கண்டால் அந்தக் கேள்வி எழாது. எல்லாக் கதைக்கும் இது பொருந்தும் என்று நான் சொல்லவரவில்லை; சிறுகதை பெரும்பாலும் கதிர் முற்றிய இடத்திலேயே நின்றுவிடும், உண்பதை நம்மிடமே விட்டுவிடும்.

சிலம்பு என்னும் விதை எங்கே ஊன்றப்படுகிறது என்று பாருங்கள். ஒன்பதாவது காதையில் மாதவியைப் பிரிந்து வந்த கோவலன் தன் வறுமைக்கு நாணுகிறான். கண்ணகி “சிலம்புஉள கொண்ம்” என்கிறாள். மனைவியின் கனிவான சொல், அவ்வளவுதான். அந்தச் சொல்லிலிருந்தே மதுரைப் பயணமும் பொற்கொல்லனின் சூழ்ச்சியும் கொலையும் கிளைக்கின்றன.

விதையைப் போலவே ஒரு சொல்லும் கதைக்குள் வளரும். பொற்கொல்லன் சொல்லை நம்பிய பாண்டியன், சிலம்பு கள்வன் கையில் இருந்தால் “கொன்றுஅச் சிலம்பு கொணர்க ஈங்கு” என்று ஆணையிடுகிறான். கண்ணகி வந்து நின்றபோதும் “கள்வனைக் கோறல் கடுங்கோல் அன்று” என்கிறான். அவளுடைய சிலம்பின் பரல் மாணிக்கம், அரசியின் சிலம்பின் பரல் முத்து. சிலம்பு உடைந்ததும் அதே சொல் அவனிடமே திரும்புகிறது: “யானோ அரசன் யானே கள்வன்.” கதை திசைமாறும் கணமும் உண்மை விளங்கும் கணமும் ஒன்றாக அமைவதே சிறந்தது என்று அரிஸ்டாட்டில் கருதினார். இங்கே இரண்டும் ஒரே அடிக்குள் அமைந்திருக்கின்றன. ‘கள்வன்’ என்ற ஒரு சொல் ஆள் மாறி நின்றதால் அமைந்திருக்கின்றன.

அந்த அடிக்குச் சற்று முன்னே இன்னோர் அடி இருக்கிறது. கண்ணகி சிலம்பை உடைக்கிறாள், “மன்னவன் வாய்முதல் தெறித்தது மணியே.” இதில் ‘போல’ இல்லை, உருவகம் இல்லை, நடந்ததை நடந்தபடி சொல்வதுபோலத்தான் இருக்கிறது. தேர்வில் கேட்டால் ‘அணி எதுவும் இல்லை’ என்றுகூட எழுதலாம். ஆனால் சிதறிய மாணிக்கப் பரல் அரசனின் முடியிலோ மார்பிலோ படவில்லை. கொன்று கொணர்க என்று சொன்ன அந்த வாயருகே போய்த் தெறிக்கிறது.